கொடை வாரத்தில் எண்ணிய பிள்ளைகள்

அக்கா, நீங்க பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கீங்களா, பேரை எடுக்க வந்திருக்கீங்களா?

சேர்க்கவா? நல்லது. அப்போ எனக்கு முன்னால் நீங்க போங்க. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. கிளார்க் கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போயிருங்க, நான் இந்த பெஞ்சிலேயே இருக்கிறேன். ஃபேன் சுற்றாது, பார்க்காதீங்க. நானும் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் பேரை எடுக்க வந்திருக்கிறேன். டி.சி. வாங்கணும். அந்தா, சறுக்குப் பலகையில் ஏணிப்பக்கம் போகாமல் வழுக்குகிற பக்கமாக ஏறுகிறாளே, மஞ்சள் கவுன், அவள்தான் என் சின்ன மகள். தன்ஷிகா. எல்.கே.ஜி., யூ.கே.ஜி. இரண்டும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஒன்றாம் வகுப்புக்கு எங்கள் ஊர் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

ஏன் என்று கேட்கிறீங்களா? கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். எங்க வீட்டுக்காரர் கேரளாவில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை பார்க்கிறார். நான் போன் போட்டால் அவர் சோற்றுத் தட்டோடு உட்காருவார். சாப்பிட்டு, தட்டைக் கழுவி, பாயை விரித்துப் படுக்கும்போது நான் விஷயத்துக்கு வந்திருப்பேன்.

என் பேர் முப்பிடாதி. ஊர் செங்கட்டாங்குளம், இங்கிருந்து மினி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவுக்கு நான்தான் தலைவி.

சிரிச்சுக்கோங்க. நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கிற ஒரு அம்மாதான் தலைவியாக இருக்கணுமாம். என் மூத்தவள் பேச்சியம்மாள் அங்கேதான் படிக்கிறாள், இப்போ அஞ்சாம் வகுப்புக்குப் போகிறாள். அன்றைக்குக் கூட்டம் என்று எனக்குத் தெரியாது. பொம்பளைப் பிள்ளைகள் கழிப்பறையில் குழாய் திருகினால் கையோடு வருகிறது என்று பேச்சி சொன்னாள். சண்டை போடலாம் என்று போனேன். போய் நின்று நான் பாட்டுக்குப் பேசினேன். யாரோ ஒரு பெரியவர், “இந்தப் பிள்ள நல்லாப் பேசுது, இதையே போட்ருங்க” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் எனக்குத்தான் தட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. போனது குழாய்க்கு, வந்தது தலைவியாக. குழாய் அப்படியேதான் இருந்தது.

மூத்தவள் அங்கே, இளையவள் இங்கே, அது என்ன என்று நினைக்கிறீங்கள்தானே? எங்க ஊரில் யாராவது கேட்டால், “அது அவுக முடிவு, நான் என்ன செய்ய?” என்பேன். சும்மா சொல்லுவது. ஃபாரம் வாங்கியது நான், நிரப்பியது நான், போட்டோ எடுக்கக் கூட்டிப்போனதும் நான். மூத்தவளுக்கு மாமியார் வீட்டுக் குலதெய்வத்தின் பேர், நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம். இளையவளுக்குப் போனில் தேடி வைத்த பேர், டவுன் பள்ளிக்கூடம், டை, வேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டுக்கும் இடையில் நாலு வருஷத்தில் எனக்கு அவ்வளவு விவரம் வந்துவிட்டது என்று வைத்துக்கோங்களேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

லீவு விடுகிற அன்றைக்கு ஜெபக்கனி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர்கள்தான் எங்கள் ஹெச்.எம். பள்ளிக்கூடத்துக்கே மொத்தம் இரண்டு டீச்சர்தான். ஜெபக்கனி டீச்சர் ஒன்று, வினோதா டீச்சர் ஒன்று. “முப்பிடாதி, பதினோரு பேரு அஞ்சாம் வகுப்பு முடிச்சுப் போறாங்க. ஒண்ணாம் வகுப்புக்குப் பதினோரு பேராவது உள்ள வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் வினோதாவைத் தூக்கி வேற ஊர்ல போட்ருவாங்க. அப்புறம் அஞ்சு வகுப்பையும் நான் ஒருத்தியா ஒரே ரூமுல வச்சு மேய்க்கணும்” என்றார்கள்.

வினோதா டீச்சரைப் பற்றி உங்களுக்குச் சொல்லணும். என் பேச்சி இருக்கிறாளே, இரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் எழுத்தைப் பார்த்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளுவாள். வினோதா டீச்சர் தினமும் மத்தியானம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் அவளைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, உப்புப் பாக்கெட், பருப்புச் சாக்கு, எண்ணெய் கவர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்க வைத்தார்கள். “இதுல என்ன போட்ருக்குன்னு எனக்குத் தெரியல, நீ சொல்லேன்” என்று அவளிடமே கேட்பார்களாம். இப்போ எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால், அடியில் அச்சடித்த பிரஸ் பேர் வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறாள். அந்த டீச்சர் போகிறதா? விடுவேனா? “நீங்க கவலையை விடுங்க டீச்சர், பதினொண்ணு என்ன, நான் ஊரையே கொண்டாந்து நிறுத்துதேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். லீவில் குழு என்ன வேலை பார்க்கிறது என்று வாரா வாரம் குடும்பங்களுக்கு ஒரு தகவல் அனுப்பணுமாம். போனில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குரூப் இருக்கிறது, அறுபது வீடு. எழுதினால் யார் வாசிப்பார்கள், பேசியே அனுப்பிவிடுகிறேன் என்றேன். முதல் வாரம் நாலு நிமிஷம் இருபது செகண்ட் பேசினேன். குழாய்க்கு ஆள் சொல்லியிருக்கு, கூரையில் ஓட்டைக்கு ஆள் பார்க்கணும், சத்துணவுக் கூடத்துக்குள் நாய் வருது, கதவைச் சாத்துங்க. நல்லாத்தான் பேசினேன். நடுவில் குக்கர் விசில் அடித்ததும், “ஏட்டி பேச்சி, மூதி, பால் பொங்குது பாரு, எறக்குட்டி” என்று நான் கத்தியதும் சேர்ந்தே போய்விட்டது. மறுநாள் கடைக்குப் போனால், “என்ன தலைவி, பால் பொங்கிருச்சா?” என்கிறார்கள்.

இல்லக்கா, அந்தக் கிளார்க் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாரா? அது வேற யாரோ தன்ஷிகாவாக இருக்கும், இப்போ பாதிப் பிள்ளைக்கு அந்தப் பேர்தானே.

பதினோரு பிள்ளையை எப்படிப் பிடிக்கிறது? எங்கள் ஊரில் பகலில் போனால் எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள், பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்கு. ஒவ்வொரு வீடாக நாலு தடவை அலையணும். நான் யோசித்தேன். என் மூளை எப்பவும் வேலை மிச்சம் பண்ணுகிற பக்கம்தான் ஓடும். சித்திரைக் கடைசிச் செவ்வாய் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கொடை வாரத்தில் ஊரே வீட்டில்தான் இருக்கும். ஒரே நாளில் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணி எழுதிவிட்டால் முடிந்தது.

நல்ல யோசனைதானே? நீங்களும் தலையாட்டுகிறீங்க. அப்போ நானும் என் தலையை நானே தடவிக்கொண்டேன்.

பேச்சியின் பழைய நோட்டில் மிச்சம் கிடந்த தாளில் எழுதினேன். மேளச் சத்தம் காதைக் கிழிக்கிறது. வீட்டுக்குள் போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள் என்று வாசலிலேயே நின்று கத்தினேன்.

“வீட்டுல அஞ்சு வயசுப் பிள்ள இருக்கா?”

“இருக்கு, ரெண்டு இருக்கு!”

“பேரச் சொல்லுங்க!”

“ஒண்ணு ஹரிஷு. இன்னொண்ணு... ஏலே, ஒம் பேரு என்னல?”

எழுதிக்கொண்டே போனேன். ஒரு வீட்டில் இரண்டு, ஒரு வீட்டில் மூன்று. எங்கள் ஊரில் இவ்வளவு பிள்ளைகளா என்று எனக்கே ஆச்சரியம். கோயில் முன்னால் பார்த்தால் பலூனும் பீப்பியுமாகக் கூட்டம் கூட்டமாக நிற்கிறதுகள். யார் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கொடைக்கு வந்த ஆளை யாரென்று கேட்கிறது எங்கள் ஊரில் கிடையாது. பந்தியில் வந்து உட்கார்ந்தால் இலை போடுவோம், அவ்வளவுதான். “நீ யாரு வீடு?” என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்க, அந்த வீட்டுக்காரர்கள் பத்து வருஷத்துக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டார்கள். அதனால் இலை போடுகிற மாதிரியே பேரையும் போட்டுக்கொண்டே போனேன்.

சாயங்காலம் எண்ணினேன். இருபத்து மூன்று.

மறுபடியும் எண்ணினேன், அக்கா. பதினொன்று கேட்டார்கள், இருபத்து மூன்று! உடனே குரூப்பில் பேசினேன். “வணக்கம், குடும்பத்தார்களே. குழு எடுத்த முயற்சியால்...” என்று ஆரம்பித்தேன். குழு எங்கே எடுத்தது, நான்தான் எடுத்தேன். இருந்தாலும் தன்னடக்கமாகக் குழு என்றே சொன்னேன். பின்னால் வில்லுப்பாட்டு வேறு, என் பேச்சுக்கே மணி அடிக்கிற மாதிரி இருந்தது. பதிலுக்கு ஒரே கும்பிடு, பூ, கைதட்டு. ஜெபக்கனி டீச்சர், ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக’ என்று போட்டார்கள். மறுநாளே இருபத்து மூன்று என்று கல்வி ஆபீஸுக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

இதில் எனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. வினோதா டீச்சர் அந்த வாரம்தான் இடமாறுதல் கேட்டு மனுப் போடுவதாக இருந்தார்களாம். எப்படியும் இங்கே இடம் போகப்போகிறது, நாமே முந்திக்கொண்டு நம்ம வீட்டுப் பக்கமாக ஒரு ஊரைக் கேட்டுவிடலாம் என்று. அவர்களுக்குக் கைப்பிள்ளை இருக்கிறது. என் குரலைக் கேட்டுவிட்டு மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். கடைசித் தேதியும் போய்விட்டது.

கொடை முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நான் பஸ் ஸ்டாப் பக்கம் கீரை வாங்கப் போனேன். மினி பஸ் நிற்கிறது. பை, சாக்கு, முறுக்கு டப்பா, கிடாய்க்கறி தூக்குவாளி என்று ஒரே கூட்டம். ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகள். “ஆண்ட்டி, டாட்டா!” என்று கத்துகிறதுகள். கொடையில் நோட்டோடு சுற்றியவள் இல்லையா, எல்லாப் பிள்ளைக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது. நானும் கீரைக்கட்டைத் தூக்கி ஆட்டினேன். “டாட்டா, டாட்டா, பத்திரமாப் போயிட்டு வாங்க!” பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் நின்று ஆட்டினேன்.

என் லிஸ்ட்டுக்கு நானே டாட்டா காட்டி அனுப்பியிருக்கிறேன், அக்கா. வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்து, கடைந்து, சாப்பிட்டு முடித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஜெபக்கனி டீச்சர், “எல்லாருக்கும் பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்கிட்டு வந்துரு” என்றார்கள். முதல் வீடு ஆவுடைத்தாய் சித்தி வீடு.

“சித்தி, ஹரிஷோட பிறப்புச் சான்றிதழ் வேணும்.”

“அது திருப்பூர்லல்லா இருக்கும்.”

“வரும்போது கொண்டாரச் சொல்லியிருக்கலாம்லா?”

“யாரச் சொல்ல?”

“ஹரிஷோட அம்மாவ.”

“அவளும் திருப்பூர்லதாம்ட்டி இருக்கா.”

“அப்ப ஹரிஷு?”

“அவன் அம்மாகூட இல்லாம ஆத்தங்கரையிலயா இருப்பான்? என்ன கேள்வி கேக்க நீ?”

அடுத்த வீடு. அது சென்னை. அதற்கடுத்த வீட்டில் எழுதிய மூன்றும் கோயம்புத்தூர், மூன்றும் ஏற்கெனவே இரண்டாம் வகுப்பு. வாசலில் நின்று நான் கத்தினது, ‘முறுக்கு எத்தனை வேணும்’ என்று அவர்கள் காதில் விழுந்ததா என்னவோ, கை விரலைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பேராக அடித்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு பேர் வெளியூர். மிச்சம் பதினொன்று. சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். கேட்டதும் பதினொன்றுதானே?

அப்புறம் பார்த்தால் முகேஷ் கண்ணன் என்று ஒருவன், குட்டிமணி என்று ஒருவன். முகேஷ் கண்ணன் அவன் அம்மா வீட்டில் எழுதியது. குட்டிமணி அவன் அத்தை வீட்டில் எழுதியது. இரண்டும் ஒரே பயல். அன்றைக்குக் கையில் அதிரசத்தோடு என் பின்னாலேயே மூன்று தெருவுக்கு வந்தவன். அவனைக் கூட வைத்துக்கொண்டே அவனை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன்.

பத்து. பத்து பேர்தான்.

ஜெபக்கனி டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். “எழுதிக் கொடுத்துட்டேனே முப்பிடாதி” என்றார்கள்.  பக்கத்தில் வினோதா டீச்சர் நின்றார்கள். நான் எல்லா ஏச்சுக்கும் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர்கள், “பரவாயில்லக்கா, நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க” என்றார்கள்.  பிறகு சொன்னார்கள், இப்போ தூக்கிப் போட்டால் எந்த ஊர் என்று அவர்கள் கையில் இல்லையாம். ஒன்றரை மணி நேரப் பயணமோ, இரண்டு மணி நேரமோ. கைப்பிள்ளையை விட்டுவிட்டு.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு ஆபீஸிலிருந்து வந்து தலையை எண்ணுவார்கள். வருகிற திங்கட்கிழமை. இன்னும் ஒரே ஒரு பிள்ளை வேண்டும்.

விடுவேனா? வேனில் போகிற பிள்ளைகள் வீடாகப் போனேன். “நம்ம பள்ளிக்கூடத்துக்கு என்ன கொற? ரெண்டு டீச்சர், முட்டை, புத்தகம், கூப்பிடு தூரம். காலங்காத்தால பிள்ளயத் தூக்கத்தோட தூக்கி வேன்ல அடைச்சு அனுப்பணுமா?” என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசினேன். நல்லாவே பேசினேன் அக்கா, எனக்கே கண் கலங்கியது. லீவு பாருங்க, எங்கள் வாசலுக்கு வேன் வருவதில்லை. அந்தத் தைரியம்.

சந்தனமாரி மதினி என்று எங்கள் தெருவில் இருக்கிறாள். அவள் மகனும் என் தன்ஷிகாவும் ஒரே வேன், பக்கத்துப் பக்கத்து சீட்டு. அவள் வீட்டிலும் போய் இதையே பேசினேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்தாள். முடித்ததும் மோர் கொடுத்தாள். குடித்தேன்.  சரி, மனசு மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழையவில்லை, குரூப்பில் சத்தம். மதினி பேசி அனுப்பியிருக்கிறாள், அவள் மூத்தவள் நம்ம பள்ளிக்கூடம்தான், அதனால் அவளும் குரூப்பில் உண்டு. நான் எப்பவும் நாலு நிமிஷம் பேசுவேன். அவள் ஒன்பது செகண்ட்.

“தலைவி அவர்களுக்கு வணக்கம். ஒங்க சின்ன மக எந்தப் பள்ளிக்கூடம்? அதையும் குரூப்புல சொன்னா நாங்க தெரிஞ்சுக்கிடுவோம்.”

அறுபது வீடும் கேட்டுவிட்டது. பார்த்துவிட்டார்கள் என்று நீலக் கோடு விழுந்துகொண்டே இருக்கிறது. ஒருத்தர் ஒரு கும்பிடு கூடப் போடவில்லை. நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? கழிப்பறைக் குழாய் மாற்றியாகிவிட்டது, எல்லாரும் நன்றாகத் திருகலாம் என்று போட்டேன்.

சிரிக்காதீங்க, அக்கா. இல்லை, சிரிங்க. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. “எப்படிப் பேசுறா பாரு, அது வேற, இது வேற, நான் பொது வேல பாக்குதேன், இவ வீட்டு விஷயத்த இழுக்கா” என்று பேச்சியிடம் கத்தினேன். பேச்சி என் நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். எதையும் வாசிக்காமல் விடமாட்டாள் என்று சொன்னேன் இல்லையா. “யம்மா, நம்ம வீட்டுக்கு எடத்து வீடு எழுதிருக்க, வலத்து வீடு எழுதிருக்க. நம்ம வீட்ட எழுதலயே?” என்றாள்.

அவள் குத்திக் கேட்கவில்லை. விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துப் பென்சிலை எடுத்து நீட்டினாள். நான் அந்த நோட்டைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அன்றைக்கு நான் சுருக்கமாகவே பேசினேன். தட்டைக்கூட எடுத்திருக்கமாட்டார்.

“ஊர்ப் பிள்ளைகளச் சேக்கச் சொன்னா, நம்ம பிள்ளயையா கொண்டு தள்ளுவ?” என்றார்.

“மூத்தவ அங்க தான படிக்கா?”

“அதனாலதான் இவளையாவது இங்கிலீஷ்ல படிக்க வைப்போம்னு நீதான சொன்ன?”

“நாந்தான் சொன்னேன்.”

“நீ படிச்ச பள்ளிக்கூடம் தான அது? என்னத்த ஆன?”

“தலைவி ஆயிட்டேம்லா?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிறகு, “என்னமும் செய்யி” என்று சொல்லி வைத்துவிட்டார். என்னமும் செய்யி என்றால் சம்மதம்தானே, அக்கா? குரல் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. டவர் சரியில்லாமல் இருக்கும்.

உங்களிடம் மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடிக்கும். தன்ஷிகா வாசல்படியில் நின்று, ‘மே ஐ கம் இன்’ என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். எனக்கு என்ன பதில் சொல்லணும் என்று தெரியாது. “வாட்டி வா” என்பேன். இங்கிலீஷில் பாட்டுப் பாடுவாள், அர்த்தம் தெரியாமல் கைதட்டுவேன். பேங்க்கில், ஆஸ்பத்திரியில் எல்லாம் யாராவது இங்கிலீஷில் பேசினால் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள். அவள் அப்படி நிற்கக்கூடாது என்று நினைத்தேன். அது தப்பா? அது தப்பில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டில் மோரை வாங்கிக் குடித்துவிட்டு, ‘நம்ம பள்ளிக்கூடத்துக்கு என்ன கொற’ என்று கேட்டேனே. சந்தனமாரி மதினி அந்த மோரில் உப்புப் போடாமல் கொடுத்திருக்கிறாள். இப்போதான் யோசிக்கிறேன், வேணும் என்றேதான் போட்டிருக்கமாட்டாள்.

நேற்றும் வந்தேன், அக்கா. இதே பெஞ்சு. உள்ளேயும் போனேன். பிரின்ஸ்பால் சார் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். “என்னம்மா விஷயம்?” என்றார். தன்ஷிகாவின் ரிப்போர்ட் அட்டை அவர் மேஜையில் இருந்தது. எடுத்துக் காட்டினார். எல்லாம் ஏ. ஒரு இடத்தில் மட்டும் பி, அது அதிகம் பேசுகிறாள் என்பதற்காம். “இவ்வளவு நல்ல பிள்ளை, அடுத்த வருஷம் மேடை ஏத்தலாம்னு இருக்கோம்” என்றார். நான் டி.சி. என்று வாயைத் திறந்தேன். “சரி சார், வீட்ல கேட்டுட்டு வாரேன்” என்று வெளியே வந்துவிட்டேன். வாசலில் வந்து நின்றுதான், வாய் என்ன சொன்னது என்று எனக்கே கேட்டது. ஊருக்குப் போய் ஜெபக்கனி டீச்சரிடம் என்ன சொன்னேன்? ஆபீஸ் பூட்டியிருந்தது என்றேன். அவர்கள் நம்பினார்கள். இருபத்து மூன்றையும் நம்பியவர்கள்தானே.

இன்றைக்கு வெள்ளி. நாளையும் மறுநாளும் இங்கே ஆபீஸ் கிடையாது. திங்கட்கிழமை எங்கள் ஊரில் தலையை எண்ண வந்துவிடுவார்கள்.

காலையில் ஒன்பது மணிக்கே வந்தேன். அந்தா, ஊதாச் சேலை கட்டிய அம்மா போகிறார்களே, அவர்கள் எனக்குப் பிறகு வந்தவர்கள். அதற்கு முன்னால் தாடி வைத்த ஒருத்தர், அவரும் எனக்குப் பிறகுதான். நீங்க போங்க, நீங்க போங்க என்று ஏழு பேரை அனுப்பிவிட்டேன். நம்ம கையில் நேரம் இருக்கும்போது அவசரமாக வந்தவர்களுக்கு வழிவிடுகிறதுதானே முறை? என்ன அக்கா, அப்படிப் பார்க்கிறீங்க?

உங்க மடியில் தூங்குகிறதே, இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு? அஞ்சா! எந்த ஊர் நீங்க? அது எங்க ஊருக்கு ரெண்டு ஸ்டாப் முன்னால்லா... இல்லை, இல்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை. ஃபாரத்தை அப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க, கசங்கிரும். நான் பிடுங்கிக்கொண்டு ஓடமாட்டேன். இனிமேல் யார் வீட்டுப் பிள்ளையையும் கேட்கிறதுக்கு எனக்கு வாய் கிடையாது. என் வீட்டில் ஒன்று இருக்கும்போது.

தன்ஷிகா! ஏட்டி, எறங்கி வா, சறுக்கு எங்கயும் போயிராது. மூஞ்சியத் தொடச்சுக்கோ. வா, அம்மா பக்கத்துல வந்து நில்லு.

ஆமா, இப்போ கூப்பிடுகிறது என்னைத்தான். முதலில் கூப்பிட்டதும் என்னைத்தான், எனக்குத் தெரியும். “தன்ஷிகா அம்மா, வரீங்களா இல்லையா?” என்கிறார், கோபம் வந்துவிட்டது அவருக்கு. இந்தா வாரேன் சார், இந்தா வந்துட்டேன்.

அக்கா, உங்களை எனக்கு முன்னப்பின்னத் தெரியாது. ஒரு மணி நேரமாக என் தொணதொணப்பைக் கேட்டுக்கொண்டு இருந்தீங்களே, இன்னும் அஞ்சு நிமிஷம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கிட்டு என்கூட உள்ளே வாங்க. பக்கத்து நாற்காலியில் உட்காருங்க, ஒன்றும் பேச வேண்டாம். அந்த சார் ரிப்போர்ட் அட்டையை எடுத்துக் காட்டுவார். நான் மட்டும், “சரி சார், வீட்ல கேட்டுட்டு வாரேன்” என்று ஆரம்பித்தால், மேஜைக்கு அடியில் கையை விட்டு, என் தொடையில் நல்லா ஒரு கிள்ளு கிள்ளிருங்க.